வெளுத்துப்போன வாசற்கதவுக்கு வார்னிஷ் அடிக்கும் முறை

சேலம் நகரில் மேற்குப் பார்த்த வாசற்கதவும் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டுக் கதவும் ஒரே தேக்கில் செய்தவையாக இருந்தாலும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. சமவெளியில், பிற்பகல் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மரத்தின் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைப்பதால், மேற்பரப்பு சாம்பல் நிறமாகி விரலில் தூளாக ஒட்டுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மலையிலோ, மூடுபனியும் மழையும் கதவின் அடி விளிம்பு வழியே மரத்துக்குள் ஏறி, பழைய வார்னிஷை உள்ளிருந்து தூக்கிச் செதில்களாகப் பெயர்க்கின்றன.

இதனால்தான் கதவைக் கீலிலிருந்து கழற்றாமல் வேலையை முடிக்க நினைப்பது வீண். நின்ற நிலையிலேயே பூசினால் முகப்பு பளபளக்கும். ஆனால் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பூச்சில்லாத வெறும் மரமாகவே கிடக்கும். மரம் நீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டுமுனை, அதாவது இழைகள் குறுக்கே வெட்டுப்பட்ட முனை, வழியேதான் என்பதால், அடுத்த ஐப்பசி மழையிலேயே கதவு உப்பி நிலையில் இடிக்கத் தொடங்கும். கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகளின் மேல் படுக்க வைத்து, தாழ்ப்பாள், கைப்பிடி, நாதாங்கி ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள்.

உப்புத்தாளைத் தொடும் முன் கதவைத் துடைக்க வேண்டும். நம் வாசல்களில் வெள்ளிதோறும் வைத்த மஞ்சளும் குங்குமமும், விளக்கிலிருந்து சிந்திய எண்ணெயும் கதவின் கீழ்ப்பகுதியிலும் நிலையிலும் படிந்திருக்கும். அவற்றின் மேல் அப்படியே தேய்த்தால் எண்ணெய் இழைகளுக்குள் இறங்கி, அந்த இடத்தில் வார்னிஷ் பிடிக்காமல் குழி குழியாக விலகி நிற்கும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும் வரை துணியை மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

பெயர்ந்த வார்னிஷைச் சுரண்டியால் எடுத்தபின் 80 எண் தாளில் தொடங்கி, 120, 180 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது, வார்னிஷ் ஏறியதும் கண்ணைக் குத்தும். சாம்பல் நிறம் முழுவதும் நீங்கி மரத்தின் சொந்த நிறம் தெரியும் வரை நிறுத்தக் கூடாது, ஏனெனில் வெயிலில் செத்த இழைகளின் மேல் பூசிய வார்னிஷ் அந்த இழைகளோடு சேர்ந்தே உதிரும். பழைய கதவில் வார்னிஷுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல் பெயின்ட் ரிமூவர் பூசி எடுப்பதே பாதுகாப்பு.

மாவிலைத் தோரணம் கட்ட அடித்த இரும்பு ஆணிகளைச் சுற்றிக் கறுப்புக் கறை இருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் சுமார் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கையுறை அணிந்து பூசினால் கறை வெளுக்கும்; பிறகு நன்றாகக் கழுவி முழுமையாக உலர விட வேண்டும். இது நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இனி பித்தளை ஆணி அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

உள்வீட்டு மேசைக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் வாசற்கதவுக்கு உதவாது. அது அரக்கில் செய்வது, நீர் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். வெளிப்புறத்துக்கென்றே, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானத்துடன் வரும் வார்னிஷைக் கேட்டு வாங்குங்கள். டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும். குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும்.

நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதில் மலைக்கும் ஊருக்கும் வேறுபாடு உண்டு. ஏற்காட்டில் மழையற்ற மாதத்தில், பனி முற்றிலும் விலகி மரம் தொட்டால் குளிராத முற்பகலில் தொடங்கி, மாலைப் பனி இறங்கும் முன் மேற்பரப்பு காயும்படி பிற்பகலின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட வேண்டும். சேலத்துக் கோடையிலோ கூரையின் நிழல் வேண்டும். சூடேறிய மரத்தில் வார்னிஷ் பிரஷ் ஓடுமுன் இறுகி, கொப்புளமும் பிரஷ் தடமுமாக நிற்கும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு என்பதால், பூசும் முன் தின்னர் துணியால் ஒருமுறை துடையுங்கள். எண்ணெய் வகை வார்னிஷானால் முதல் பூச்சில் பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்தால் மரத்துக்குள் இறங்கும். விளிம்புகளுக்கு, குறிப்பாக அடி விளிம்புக்கு, மரம் உறிஞ்சுவதை நிறுத்தும் வரை இதைத் தர வேண்டும். அடுத்த பூச்சுகளுக்குக் கலப்பு வேண்டாம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் 320 தாளால் மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து அடுத்ததைப் பூச வேண்டும். வெயில் நேராக விழும் கதவுக்கு நான்கு மெல்லிய பூச்சுகள் தேவைப்படும். கனமாக இரண்டு பூச்சில் முடித்தால் உள்ளே காயாமல் சுருங்கும்.

எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்தியபின் எறியுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் கதவின் மேல் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். நீர் முத்தாக உருண்டால் கவலையில்லை. பரவி மங்கினால், பெயரத் தொடங்கும் முன்பே 320 தாளால் தேய்த்து ஒரு பூச்சு கொடுத்தால் போதும், கதவை மீண்டும் சுரண்ட வேண்டியிராது.