குளோரோகுயின் கொடுத்த எலியின் கல்லீரல்: ஸ்லைடு போடுவதும் ஏமாறாமல் பார்ப்பதும்

எம்.ஃபார்ம் ஆய்வுக்காக விஸ்டார் எலிகளுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் வெள்ளை எலி வகை) மலேரியா மருந்தான குளோரோகுயின் கொடுத்துக் கல்லீரலைப் பார்த்தேன். நெறிக்குழு அனுமதி, எலியின் வாய்வழியே மருந்து செலுத்தும் கேவேஜ் ஊசி பிடிப்பதெல்லாம் உங்கள் லேபிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நேராக வேலைக்கு வருகிறேன்.

1. டோஸ் கணக்கு. கிலோவுக்கு இத்தனை மி.கி. என்ற மனித டோஸை 6.2 ஆல் பெருக்கினால் எலிக்கான டோஸ். ஆனால் 250 மி.கி. குளோரோகுயின் பாஸ்பேட்டில் பேஸ் (பாஸ்பேட் நீங்கலான மருந்து) 150 மி.கி.தான். எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

2. முந்தின இரவு எல்லா எலிகளுக்கும் தீனியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள். வயிறு நிறைந்த எலியின் கல்லீரல் செல்லில் கிளைகோஜன் நிரம்பியிருக்கும். ஸ்லைடில் அது வெளிறிப்போய், ஓட்டை ஓட்டையாகத் தெரியும். 'மருந்தால் கொழுப்பு' என்று எழுதக் கை துறுதுறுக்கும்.

3. ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற கல்லீரல் நொதிகளைப் பார்க்க ரத்தம் எடுத்த பிறகு கல்லீரல். எல்லா எலியிலும் அதே மடலையே எடுங்கள்; நான் இடது பக்க மடலை எடுத்தேன். துண்டு 3-4 மி.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

4. ஃபார்மலின், அதாவது துண்டைக் கெடாமல் பதப்படுத்தும் திரவம். நான் விழுந்தது இங்கேதான்.

மருந்துக் குழு ஸ்லைடில், ரத்தம் தேங்கிய இடமெல்லாம் பழுப்புக் கறுப்பில் மிளகுப்பொடி தூவியது மாதிரி துகள்கள். திசுப் பட அட்லஸில் மலேரியா நிறமி (மலேரியாக் கிருமி விட்டுப்போகும் துகள்) அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. என் எலிகளுக்கு மலேரியாவே கிடையாதே! சரி, மருந்தின் வேலைதான் என்று இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அப்புறம் மருந்தே கொடுக்காத கண்ட்ரோல் குழுவின் ஸ்லைடை வைத்தேன். அதிலும் அதே மிளகுப்பொடி.

வில்லன் ஃபார்மலின். குழாய்த் தண்ணீர் கலந்து, மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. நாளாக ஆக அதில் ஃபார்மிக் அமிலம் சேரும். பிஎச் 6-க்குக் கீழே போனால் ஹீமோகுளோபினோடு சேர்ந்து இந்த நிறமி உண்டாகும். கல்லீரலில் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை.

ஆகவே நீங்களே கலக்குங்கள்: பாட்டிலில் வரும் அடர் ஃபார்மலின் 100 மி.லி., வாலை வடிநீர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். மீட்டருக்கு வரிசையில் நிற்க வேண்டாம், பிஎச் தாள் போதும்; 7-ஐ ஒட்டி இருந்தால் சரி. துண்டைப் போல் குறைந்தது பத்து மடங்கு திரவம், 24 முதல் 48 மணி நேரம்.

ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதா? மெல்லிய சீவலாக வெட்டி மெழுகு நீக்கிய செக்‌ஷனை, பிக்ரிக் அமிலம் கரைத்த ஆல்கஹாலில் போட்டுவைத்தால் போய்விடும். பிக்ரிக் அமிலத்தை மட்டும் காயவிடாதீர்கள், காய்ந்தால் வெடிக்கும்.

5. ஆல்கஹால், சைலீன், மெழுகு வழக்கம்போல். 5 மைக்ரான் செக்‌ஷன், ஹெமடாக்சிலின்-இயோசின் சாயம். பிளேடு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடு வாங்குங்கள். பழைய இரும்புக் கத்தியைச் சாணை பிடித்தே எனக்கு ஒரு வாரம் போனது.

6. பார்க்கும்போது ஸ்லைடில் குழுவின் பெயர் தெரியக்கூடாது, எண் மட்டும். முதலில் மைய நாளம், பிறகு போர்ட்டல் பகுதி. குளோரோகுயின், செல்லின் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் மருந்து. அதனால் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை தேங்கி, சைட்டோபிளாசம் நுரைத்தது போல் தெரியலாம். அதை உறுதிசெய்ய எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். சாதாரணக் கொழுப்புதானா என்று பார்க்க ஆயில் ரெட் ஓ என்ற கொழுப்புச் சாயம் போதும், ஆனால் உறையவைத்த செக்‌ஷனில்தான். சைலீனில் கொழுப்பு கரைந்துவிடும்.

பின்சேர்க்கை: செக்‌ஷன் நொறுங்குகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆல்கஹாலில் அதிக நேரம் கிடந்த கல்லீரல் அப்படித்தான். பிளாக்கின் (திசு பதிந்த மெழுகுக் கட்டி) முகத்தைப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் வைத்து வெட்டிப் பாருங்கள்.

பெர்கெய் என்ற மலேரியாக் கிருமி ஏற்றிய எலியில், புள்ளி ஃபார்மலினாலா மலேரியாவாலா என்று பிரிக்கப் பிக்ரிக் அமிலம் உதவுமா என்றும் ஒரு கேள்வி. உதவாது, அசல் மலேரியா நிறமியும் அதில் கரையும். பித்தப்பையைத் தேடி அரை மணி நேரம் செலவழித்த நண்பருக்கு: விஸ்டார் எலிக்குப் பித்தப்பையே கிடையாது.