புது பிக்கப்பில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரிக்குப் பாடி கட்டும் ஊர் நாமக்கல். திரும்பிய பக்கமெல்லாம் பட்டறை, வண்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆளே கிடையாது. சென்ற ஆண்டு நான்கு கதவு டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திய அன்றே யோசனைகள் வர ஆரம்பித்துவிட்டன. "பின்னால ஒரு பட்டை சேத்துப் போடுங்க", "டயரைப் பெருசா மாத்திடுங்க", "முன்னால கம்பி போட்டாத்தான் பாதுகாப்பு". எல்லாம் அக்கறையில் சொன்னவைதான். ஆனால் அவற்றில் பல லாரிக்குப் பொருந்துபவை, இந்த வண்டிக்கு அல்ல.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு பிக்கப்பின் முதல் வாரம் ஏமாற்றமாக இருக்கும். காலியாகப் போனால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். பின் அச்சுக்கு மேல் இருக்கும் ஸ்பிரிங் பட்டைகள் மூட்டைகளைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. சுமை இல்லாதபோது அவை வளைந்து கொடுப்பதில்லை. கொல்லிமலைத் தோட்டத்திலிருந்து ஐந்தாறு மூட்டை மிளகையும் காபியையும் ஏற்றி இறங்கும்போது அதே வண்டி எவ்வளவு நிதானமாகப் போகிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் புரியும். காலி வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவுக்கு வருவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன.

குலுக்கலைக் குறைக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். பல பிக்கப்களில் பின் டயருக்குக் காலியாக இருக்கும்போது ஒரு காற்றழுத்தம், முழுச் சுமைக்கு வேறு அழுத்தம் என்று அதில் போட்டிருப்பார்கள். காற்றுப் பிடிக்கும் இடத்தில் நாம் சொல்லாவிட்டால் நான்கு டயருக்கும் ஒரே அளவுதான். ஸ்டிக்கர்படி பிடித்த அன்றே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. சுமை ஏற்றும் முன் மறக்காமல் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இது தெரிவதற்கு முன்பே பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்க்கும் வேலையைச் செய்துவிட்டேன். பின்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்தது, பார்க்கவும் நன்றாக இருந்தது. காலியாகப் போகும்போது குலுக்கல் முன்னைவிட மோசம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பயமுறுத்தியது பிரேக்தான். கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுமையோடு இறங்கும்போது வழக்கத்தைவிட அதிகமாக மிதிக்க வேண்டியிருந்தது, முன் சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வேறு.

காரணத்தைப் பிறகு ஒரு பழைய மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துக் காட்டினார். சில பிக்கப்களில் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) பின் அச்சுக்கும் நடுவே ஒரு கம்பியோடு இணைத்த வால்வு இருக்கும். சுமை ஏறி சேஸிஸ் தாழ்ந்தால், "பாரம் இருக்கிறது" என்று கணக்கிட்டு அது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்பும். பட்டை சேர்த்ததால் வண்டி தாழவே இல்லை. முழுச் சுமையிலும் வால்வு காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டது. பின் பிரேக் செய்ய வேண்டிய வேலையையும் முன் பிரேக்கே சுமந்திருக்கிறது. மறுநாளே பட்டையைக் கழற்றிவிட்டேன். எல்லா வண்டியிலும் இந்த வால்வு இருக்காது. உங்கள் வண்டியில் உண்டா என்று கேட்காமல் பின் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். பட்டை சேர்த்தால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை கூடிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த எடையில் வண்டிக்குள் உட்காரும் ஐந்து பேரும் அடக்கம்.

முன்பக்கக் கம்பி, அதாவது புல் பார், வேண்டவே வேண்டாம். மோதலின் வேகத்தை முன்பக்க சென்சார் உணர்ந்துதான் ஏர்பேக் விரிகிறது. நடுவில் ஓர் இரும்புச் சட்டம் வந்தால் அந்தக் கணக்கே மாறிப்போகும். நடந்து போகிறவர் மீது பட்டால் காயமும் அதிகம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள் இருக்கும் வண்டி என்றால் சாதாரண சீட் கவரும் ஆபத்துதான். பை கிழித்துக்கொண்டு வெளிவர வழி வேண்டும்.

பெரிய டயரின் சங்கதி சுருக்கமானது. டயரின் விட்டம் 3 சதவீதம் கூடினால், மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 82க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். மலையில் இழுவையும் குறையும். கூடுதல் விளக்குப் போடுகிறவர்கள் ஹெட்லைட் ஒயரை வெட்டி இணைக்காமல், தனி ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஃபியூஸும் வைத்து பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ளவர்கள் செய்யும் தவறு இன்னொன்று. மலை ஏறுகிறோமே என்று காய்ந்த தார்ச் சாலையில் 4எச், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையைப் போட்டுவிடுகிறார்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். பெரும்பாலான பிக்கப்களில் 4எச் போட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் அதற்கு வழியில்லை. ஸ்டியரிங் இறுகும், வண்டி வெட்டி வெட்டிப் போகும், கியர் பெட்டியும் அச்சும் முறுக்கிக்கொள்ளும். மழையில் தோட்டத்து மண்பாதைக்கு வந்த பிறகு போட்டால் போதும்.

சரி, எதைத்தான் செய்யலாம்? ரிவர்ஸ் கேமரா வண்டியோடு வராவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை 5.3 மீட்டர் நீளம். 4 மீட்டர் கார் ஓட்டிய கண்ணுக்கு அந்தக் கடைசி மீட்டர் பிடிபட நாளாகும். பின் தொட்டிக்குக் கனமான ரப்பர் விரிப்பு போதும். பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே பொருத்தினால் அதற்கும் தகரத்துக்கும் நடுவே மண்ணும் தண்ணீரும் தேங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். கொக்கிக்காக ஓட்டை போட்டால் அன்றே துரு தடுக்கும் பெயின்ட் பூசிவிடுங்கள். கயிறு கட்டாமல் பலாப்பழம் ஏற்றாதீர்கள், அது உருண்டு தொட்டியை நசுக்கியதைப் பார்த்திருக்கிறேன். கனமான மூட்டைகள் கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்கதவுப் பக்கம் பாரம் குவிந்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும்.

நான் செலவழித்ததில் மிகவும் பிடித்தது பின்கதவுக்குப் போட்ட சிறிய டேம்பர், அதாவது கதவை மெல்ல இறங்கவைக்கும் தண்டு. அதற்கு முன் தாழ்ப்பாளைத் திறந்தால் கதவு தொப்பென்று விழும், பிடிக்க இரண்டு கை வேண்டும். இப்போது என் அம்மா ஒரு கையில் வெற்றிலைக் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இறக்கிவிடுகிறார்.