பல தாள்கள் கொண்ட எக்செல் கோப்பிலிருந்து பைத்தானில் வரைபடங்கள் வரைவது எப்படி

ஒரே எக்செல் கோப்பில் நாற்பது தாள்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் ஓர் உணரி பதிவுசெய்த வெப்பநிலையும் நேரமும் இருக்கின்றன. தாளுக்கு ஒரு வரைபடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எக்செலிலேயே கையால் வரைந்தால் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம், ஆனால் அடுத்த மாதக் கோப்பு வந்ததும் அதே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பைத்தானில் இதற்கான வரையும் பகுதி இருபது வரிகளைத் தாண்டுவது அரிது. உண்மையான உழைப்பு, ஒன்றுபோலத் தோன்றும் நாற்பது தாள்களும் உண்மையில் ஒன்றுபோல இல்லை என்பதைச் சமாளிப்பதில்தான் செல்கிறது; ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும்.

தரவைக் கையாளும் பாண்டாஸ், படம் வரையும் மேட்பிளாட்லிப், எக்செல் கோப்பைப் படிக்க உதவும் ஓபன்பைஎக்செல் ஆகிய மூன்று நூலகங்களை நிறுவிக்கொள்ளுங்கள். எக்ஸ்எல்ஆர்டி என்ற பழைய நூலகத்தைச் சுட்டும் குறிப்புகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2020-இல் வெளிவந்த அதன் 2.0 பதிப்பிலிருந்து அது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புகளை மட்டுமே படிக்கிறது. செயற்கூறுகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

பாண்டாஸின் ரீட்_எக்செல் என்ற செயற்கூறு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், முதல் தாளை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். ஷீட்_நேம் என்ற அளவுருவுக்கு நன் என்ற பைத்தானின் வெற்று மதிப்பை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால் எல்லாத் தாள்களையும் படித்து, தாளின் பெயரைச் சாவியாகவும் அதன் தரவை டேட்டாஃப்ரேம் என்ற பாண்டாஸ் அட்டவணையாகவும் கொண்ட ஒரு டிக்‌ஷனரியைத் தரும். அந்த டிக்‌ஷனரியின் மீது ஒரு ஃபார் லூப் ஓட்டுவதுதான் மொத்தத் திட்டம். மறைத்துவைக்கப்பட்ட தாள்களும் இதில் சேர்ந்தே வரும் என்பதை நினைவில் வையுங்கள். சுருக்கத் தாள், குறிப்புத் தாள் போன்ற வேண்டாதவற்றைப் பெயரை வைத்து விலக்குவதைவிட, தேவையான நெடுவரிசைகள் இருக்கின்றனவா என்று பார்த்து விலக்குவது நல்லது. பெயர்கள் மாதத்துக்கு மாதம் மாறும், நெடுவரிசைகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

அடுத்து தலைப்பு வரிசை. சில தாள்களில் அது முதல் வரிசையிலேயே இருக்கும். சிலவற்றில் மேலே உணரியின் எண், பொருத்திய இடம், ஒரு வெற்று வரிசை என்று மூன்று நான்கு வரிசைகள் கடந்த பிறகே வரும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துக் குருட்டாம்போக்கில் தாண்டச் சொல்லாதீர்கள். எக்செல்ஃபைல் என்ற வகையால் கோப்பை ஒருமுறை திறந்து, ஒவ்வொரு தாளின் முதல் பத்து வரிசைகளையும் தலைப்பு இல்லாமல் படித்து, ‘நேரம்’ என்ற சொல் எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த எண்ணை ஹெடர் அளவுருவுக்குக் கொடுத்து அதே தாளை மறுபடி படியுங்கள். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குகிறது. படித்ததும் நெடுவரிசைப் பெயர்களின் இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை நீக்கிவிடுங்கள். ‘நேரம்’ என்பதும் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிய ‘நேரம் ’ என்பதும் கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு. இணைக்கப்பட்ட கட்டங்களில் மேல் இடது மூலைக் கட்டத்தில் மட்டுமே மதிப்பு இருக்கும், மற்றவை வெற்றாக வரும். அவற்றை, முந்தைய மதிப்பையே தொடர்ந்து இட்டு நிரப்பும் எஃப்ஃபில் கொண்டு நிரப்பலாம்.

இனி எண்கள். நிரல் பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டால் அது நல்ல காலம். வாயைத் திறக்காமல் தவறான படத்தை வரைந்து கொடுப்பதுதான் ஆபத்து. நான் ஒருமுறை அனுப்பிவைத்த வரைபடத் தொகுப்பில், ஒரு தாளின் கோடு மட்டும் இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போயிருந்தது. அந்த உணரி சூடாகிக்கொண்டே போகிறது என்று அதற்கு விளக்கமும் எழுதிவிட்டேன். பிறகு செங்குத்து அச்சை உற்றுப் பார்த்தபோதுதான் அதில் கீழிருந்து மேலாக 24.1, 23.8, 25.0, 24.6 என்று எண்கள் ஒழுங்கின்றி அடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அந்தத் தாளை நிரப்பியவர் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ‘டிகிரி’ என்று தட்டச்சு செய்திருந்தார். அதனால் அந்த நெடுவரிசை முழுவதும் உரையாக வந்துவிட்டது. உரை வந்தால் மேட்பிளாட்லிப் அதை எண்ணாக எண்ணாமல் வகைப்பெயர்களாகக் கருதி, முதன்முதலில் தோன்றிய வரிசையில் அச்சில் மேல்நோக்கி அடுக்குகிறது. முன்பே வந்த மதிப்பு திரும்ப வரும்போது மட்டுமே கோடு இறங்கும்.

இதற்குப் பலரும் சொல்லும் மருந்து, டு_நியூமரிக் செயற்கூறை எரர்ஸ் அளவுருவில் ‘கோயர்ஸ்’ என்று கொடுத்து அழைப்பது. அது எண்ணாக மாற்ற முடியாத அனைத்தையும் வெற்றாக்கிவிடும். மேற்சொன்ன தாளில் அதை அப்படியே செய்திருந்தால் வெற்று வரைபடம்தான் கிடைத்திருக்கும். எனவே முதலில் ஏஎஸ்டைப் மூலம் நெடுவரிசையை முழுக்க உரையாக்கி, காற்புள்ளிகளை நீக்கி, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனும் உரை வடிவத் தேடல் கொண்டு எண் பகுதியை மட்டும் எடுத்த பிறகே டு_நியூமரிக்கிடம் கொடுங்கள். உரையாக்கும் படியை விட்டுவிடக் கூடாது. எண்ணும் உரையும் கலந்த நெடுவரிசையில் உரைக்கான செயற்கூறுகளை நேரடியாக ஏவினால், ஏற்கெனவே சரியாக இருந்த எண்கள் வெற்றாகிப் போகும்.

நேரத்திலும் இதே எச்சரிக்கை தேவை. 03/04/2024 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பதை நிரலின் ஊகத்துக்கு விடாமல், டு_டேட்டைமிடம் டேஃபர்ஸ்ட் அல்லது ஃபார்மட் அளவுருவால் சொல்லிவிடுங்கள். சில தாள்களில் தேதிக்குப் பதில் 45292 போன்ற எண் வரும். அது எக்செலின் தொடர் எண். அதன் பொருள் 2024 ஜனவரி 1. அலகு சொல்லாமல் மாற்றினால் பாண்டாஸ் அதை நானோநொடியாக எடுத்துக்கொண்டு எல்லாப் புள்ளிகளையும் 1970 ஜனவரி 1-இல் கொண்டுபோய்க் குவித்துவிடும். அலகு நாள், தொடக்கம் 1899 டிசம்பர் 30 என்று கொடுத்தால் சரியாகும்.

சூத்திரங்கள் உள்ள கட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். பாண்டாஸ் சூத்திரத்தைக் கணக்கிடுவதில்லை. கோப்பில் கடைசியாகச் சேமிக்கப்பட்ட விடையை மட்டுமே எடுக்கிறது. வேறொரு நிரல் உருவாக்கி, எக்செலில் ஒருமுறைகூடத் திறந்து சேமிக்கப்படாத கோப்பாக இருந்தால் அந்த இடங்கள் வெற்றாகவே வரும்.

இத்தனையும் முடிந்தபின் வரைவது எளிது. ஒரு தாளின் பெயரையும் தரவையும் வாங்கி, சப்பிளாட்ஸ் மூலம் ஒரு படத்தை உருவாக்கி, கோட்டை வரைந்து, தலைப்பிட்டு, சேவ்ஃபிக் மூலம் சேமித்து, இறுதியில் குளோஸ் செய்யும் ஒரு செயற்கூறை எழுதுங்கள். மூடுவதை மறந்தால் படங்கள் நினைவகத்திலேயே தேங்கும். இருபதுக்கு மேல் போனதும் மேட்பிளாட்லிப்பே எச்சரிக்கும். வெற்று மதிப்புள்ள வரிசைகளை நீக்காமல் அப்படியே விடுவதையே நான் விரும்புகிறேன். விட்டால் கோடு அங்கே அறுந்து நிற்கும். நீக்கினால் உணரி வேலை செய்யாத இரண்டு நாள்களின் குறுக்கே நேர்கோடு ஒன்று ஓடி, பதிவு இருந்ததைப் போலக் காட்டும்.

படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், எல்லாத் தாள்களையும் தூய்மைப்படுத்திய பிறகு மொத்தத்தின் மிகக் குறைந்த மதிப்பையும் மிக உயர்ந்த மதிப்பையும் கண்டு, எல்லாப் படங்களுக்கும் அதே செங்குத்து எல்லையை வையுங்கள். இல்லாவிட்டால் அரை டிகிரி அசைவும் பத்து டிகிரி அசைவும் ஒரே உயரத்தில் தெரியும். நாற்பதையும் ஒரே தொகுப்பாகத் தர வேண்டுமானால் பிடிஎஃப்பேஜஸ் பக்கத்துக்கு ஒன்றாக ஒரே பிடிஎஃப் கோப்பில் சேர்த்துவிடும்.

தாளின் பெயரையே கோப்பின் பெயராக வைக்கும்போது, எக்செல் அனுமதிக்கும் சில குறிகளை விண்டோஸ் அனுமதிக்காது என்பதைக் கவனியுங்கள். இரட்டை மேற்கோளும் நிமிர்கோடும் அப்படிப்பட்டவை. அவற்றை அடிக்கோடாக மாற்றி, முன்னால் 01, 02 என்று எண் சேர்த்தால் தாள்களின் வரிசையும் குலையாது.

தலைப்புகளைத் தமிழில் எழுத விரும்புகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் எழுத்துக்குப் பதில் வெற்றுப் பெட்டிகளே தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தாலும், பரவலாகப் புழங்கும் பதிப்புகளில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘வெப்பம்’ படிக்க முடியாத உருவில் வரும். நான் கைக்கொள்ளும் வழி, உலாவியில் திறக்கக்கூடிய எஸ்விஜி என்ற பட வடிவில் சேமித்து, எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்ற அமைப்பை ‘நன்’ என்று உரையாகவே, மேற்கோள் குறிகளுடன், வைப்பது. அப்போது எழுத்துகள் உருவங்களாக மாறாமல் உரையாகவே கோப்பில் இருக்கும். உலாவி அவற்றைச் சரியாகக் கோத்துக் காட்டும்.

ஒவ்வொரு தாளையும் ட்ரை, எக்செப்ட் கட்டமைப்புக்குள் வைத்து, ஒன்று பழுதானாலும் மற்றவை தொடரும்படி செய்யுங்கள். ஆனால் பிழையை விழுங்கிவிடாமல், தாளின் பெயர், படித்த வரிசைகள், வெற்றாகிப்போன மதிப்புகள் ஆகிய மூன்றையும் தாளுக்கு ஒரு வரியாக அச்சிடுங்கள். படங்களை அனுப்புவதற்கு முன் அந்தப் பட்டியலில் வெற்று மதிப்புகள் மிகுந்த தாள்களை எக்செலில் திறந்து, படத்தின் அருகே வைத்துப் பாருங்கள்.