ஆல் போன்சாய்க்குச் செங்கல் ஜல்லி

நர்சரியில் வாங்கிய ஆல் போன்சாய் (தட்டில் குட்டையாக வளர்க்கும் ஆலமரம்), மழைக்காலம் தொடங்கியதும் மஞ்சள் இலைகளாக உதிர்க்க ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே குளம் கட்டி நிற்கும். மரத்தை மெதுவாகக் கிளப்பிப் பார்த்தேன். அடியில் களிமண் சேறு, புளித்த வாடை. வேர் நுனிகள் கறுத்து, தொட்டாலே தோல் உரிந்து வந்தது. ஆழமில்லாத தட்டில் நைசான மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேருக்குக் காற்றே கிடைக்காது.

போன்சாய்க்கு வழக்கமாகப் பயன்படுத்தும் குருணை மண்ணான ஜப்பானிய அகடமா நம்மூரில் விலை அதிகம். அதனால் பழைய செங்கலை உடைத்துச் சலித்தேன். 3 முதல் 6 மில்லிமீட்டர் துண்டுகள் போதும். தூளை இரக்கமில்லாமல் கழித்துவிடுங்கள், இடைவெளிகளை அடைப்பதே அதுதான். செங்கல் 3 பங்கு, கழுவிய பருமணல் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. அழுகிய வேர்களை வெட்டி, வடிகால் துளைகளில் பிளாஸ்டிக் வலை வைத்து, மரம் ஆடாமல் கம்பியால் கட்டினேன். அப்புறம் வேர்களுக்கு நடுவே கலவை இறங்கும்படி குச்சியால் பொறுமையாகக் குத்திவிட்டு, புதுத் துளிர் வரும்வரை நிழலில் வைத்தேன்.

இப்போது ஊற்றும் நீர் சில நொடிகளில் அடியில் வடிந்துவிடுகிறது. இந்தக் கலவை சீக்கிரம் காயும், மே மாத வெயிலில் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன்.