பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்கு எந்தக் கருவி? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை தாமாகவே மூச்செடுத்து அழுகின்றன. சிலவற்றுக்கு மட்டும் முதல் ஒரு நிமிடத்துக்குள் நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்த வேண்டியிருக்கிறது. முகத்தில் பொருத்தும் மாஸ்க், குரல்வளையின் மேல் அமரும் லேரிஞ்சியல் மாஸ்க், மூச்சுக்குழலுக்குள் செல்லும் டியூப் ஆகியவை அக்காற்று உள்ளே போவதற்கான வழிகள். கையால் அழுத்தும் பையான ஆம்பு பேக்கும், அழுத்தமூட்டிய காற்றில் இயங்கும் டி வடிவ இணைப்பான டி-பீஸும் அவ்வழிகளில் காற்றைத் தள்ளுபவை. இந்த இரு வகைகளையும் கலந்து, 'ஆம்பு பேக்கா, லேரிஞ்சியல் மாஸ்க்கா' என்று கேட்பதே முதல் தவறு. ஆம்பு பேக் காற்றுச் சிலிண்டர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். டி-பீஸுக்கு அழுத்தமூட்டிய காற்று வேண்டும், ஆனால் குழந்தை மூச்சை வெளிவிடும்போதும் நுரையீரல் சுருங்கிவிடாதபடி அது அழுத்தத்தைச் சீராகத் தாங்கி நிற்கும்.

ஆய்வு முடிவுகளை அவசரமாக வாசிப்பது இதைவிடப் பெரிய தவறு. உகாண்டாவின் கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையில் மருத்துவச்சிகளைக் கொண்டு நடந்து, 2020-இல் வெளியான ஆய்வில் 1,154 குழந்தைகள் இருந்தனர். தொடக்க நாட்களில் இறப்போ மிதமான அல்லது கடுமையான மூளைப் பாதிப்போ லேரிஞ்சியல் மாஸ்க் பிரிவில் 27.4 சதவீதமாகவும், முகமாஸ்க் பிரிவில் 24.4 சதவீதமாகவும் பதிவாயின. இந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல. இதைக் காட்டி முகமாஸ்க்கே மேலானது என்பதும் தவறு, லேரிஞ்சியல் மாஸ்க் பயனற்றது என்பதும் தவறு. முதல் கருவி பலனளிக்காமல் வேறொன்றுக்கு மாற வேண்டிய நிலை எவ்வளவு நேர்கிறது என்று ஆராய்ந்த ஆய்வுகளில் லேரிஞ்சியல் மாஸ்க்குக்கு அந்நிலை குறைவாகவே நேர்ந்திருக்கிறது. உயிர் பிழைப்பது பற்றிய கேள்வி வேறு. மேலும் லேரிஞ்சியல் மாஸ்க்கில் ஒரு வகையான ஐ-ஜெல்லின் 1-ஆம் அளவு 2 முதல் 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கானது. மிகக் குறைந்த எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு இம்முடிவுகளை ஏற்றிப் பேசக்கூடாது.

பல நேரங்களில் பிழை கருவியில் இருப்பதில்லை, கையில்தான் இருக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாஸ்க் தாடையின் நுனி, வாய், மூக்கு ஆகியவற்றை மூட வேண்டும்; கண்ணின்மேல் ஏறினால் அது பெரிய அளவு, மூக்கின் இருபுறமும் காற்று கசியும். தாடைக்கு அடியிலுள்ள மென்மையான சதையை விரல் அழுத்தினால் நாக்கு பின்னே தள்ளப்பட்டு வழியை அடைத்துவிடும். தலையை மிகையாகப் பின்னுக்குச் சாய்த்தாலும் அப்படியே. மார்பு உயரவில்லை, இதயத் துடிப்பு ஏறவில்லை என்றால் முதலில் இவற்றைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே மாஸ்க் தோற்றது என்று எழுதலாம்.

டியூப்பை 'உறுதியான வழி' என்று முதலிடத்தில் வைப்பவர்கள், அது உணவுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதை நிறத்தால் காட்டும் கருவி ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்காமல், டியூப்பில் படியும் ஈரத்தை மட்டும் நம்பக்கூடாது. ஆனால் இதயத் துடிப்பு மிகக் குறைந்த குழந்தையில், டியூப் சரியான இடத்தில் இருந்தும் நிறம் மாறாமல் போகலாம் என்பதையும் நினைவில் வைத்தே டியூப்பை எடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டும்.