மனை வாங்கப் புதிதாக இறங்குபவர் நேரத்தைத் தொலைக்கும் இடங்கள்

திருநெல்வேலியில் மனையில் முதலீடு செய்ய நினைப்பவர் பெரும்பாலும் முதலில் செய்வது தரகரின் வண்டியில் ஏறிக்கொள்வதுதான். காலையில் ரெட்டியார்பட்டி, நண்பகலில் தாழையூத்து, மாலையில் கங்கைகொண்டான் என்று ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்துபோகும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நாற்பது இடங்களைக் கண்ட கண்ணுக்கு ஓர் இடத்தின் விலை நியாயமானதா என்றுகூடச் சொல்லத் தெரியாது. நானும் என் முதல் ஆண்டை அப்படித்தான் கழித்தேன். அலைச்சலை உழைப்பென்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. இரண்டு கிராமங்களைத் தேர்ந்துகொண்டு அவற்றின் புல எண்களையும் (சர்வே எண்) வாய்க்கால்களையும் விலையையும் மனப்பாடமாக அறிந்தவர் பத்து நாளில் முடிக்கும் வேலையை, ஊர் முழுக்கச் சுற்றுபவரால் ஓராண்டிலும் முடிக்க இயலாது.

இடத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்த பிறகு பத்திரத்தைக் கேட்பது அடுத்த தவறு. புல எண் கைக்கு வந்தவுடனேயே பட்டா, நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் காட்டும் அ-பதிவேடு, எல்லைகளைக் காட்டும் புல வரைபடம் ஆகியவற்றை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பார்த்துவிடலாம். அந்த நிலத்தின் மீது பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைக் காட்டும் வில்லங்கமும் அப்படியே போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேரம் செலவிட்டால், புறம்போக்கு, கோயில் நிலம், அடமானத்தில் இருக்கும் நிலம் எனப் பலவும் அங்கேயே கழிந்துபோகும். எஞ்சியவற்றைப் பார்க்க மட்டும் வண்டியை எடுத்தால் போதும்.

ஆனால் வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்பதையே முழு உறுதியாகக் கொள்ளக் கூடாது. பதிவுக்கு வந்தவை மட்டுமே அதில் தெரியும். பதியப்படாத உயிலோ, பாகம் பிரிக்காத வாரிசுகளின் உரிமையோ தெரியாது. நம் பகுதியில் இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அண்ணன் மும்பையிலும் தம்பி வளைகுடாவிலும் இருக்க, அக்காள் சீர்வரிசையோடு கட்டிக்கொடுக்கப்பட்டு அம்பாசமுத்திரத்தில் இருப்பார். ஊரில் இருக்கும் ஒருவர் மட்டும் பட்டாவைக் காட்டி விலை பேசுவார். இந்துக் குடும்பங்களின் மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத் திருத்தம் செய்தது. அன்று மணமாகியிருந்த பெண்களை அது விட்டுவிட்டாலும், 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை வைக்கவில்லை. ஆகவே வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வருவார்களா என்பதை விலை பேசுவதற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முந்தைய உரிமையாளரின் மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு ஆகும் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைப்பது, நெல்லை விதைக்காமல் அறுவடையை எதிர்பார்ப்பது போன்றது.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் விலை குறைவென்று வாங்குவதை விட்டுவிடுங்கள். 20.10.2016-க்கு முன் வீட்டுமனையாகப் பதிவாகாத, அங்கீகாரமும் பெறாத மனையைப் பதிவு செய்யவே சட்டம் தடை விதித்திருக்கிறது.

நிலத்தைக் கோடையில் பார்த்து முடிவெடுப்பது, தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்கள் செய்யக் கூடாத தவறு. சித்திரை வெயிலில் எல்லா நிலமும் மேடாகத்தான் தோன்றும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் ஆறு பெருகியபோது கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை ஆகிய பகுதிகளில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை அங்குள்ளவர்கள் இன்றும் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் ஆகியவற்றின் பாசனத்தில் கார், பிசானம் என இருபோகம் விளைந்த நஞ்சைகள் மனைகளாகும்போது, கிளை வாய்க்கால்கள் தூர்ந்து மறைந்தாலும் தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை. புல வரைபடத்தில் வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மறுநாள் நேரில் சென்று நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

விலையைத் தரகர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. பக்கத்துப் புல எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் அண்மையில் நடந்த கிரயங்களின் தொகை தெரியும். பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிக் குறைத்துப் பதிபவர்கள் உண்டு என்பதால் அதை அடிமட்ட அளவாக மட்டுமே கொள்ள வேண்டும். கணக்குப் போடும்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காட்டையும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காட்டையும் சேர்க்க மறந்துவிட்டு, 20 லட்ச ரூபாய் மனைக்கு மேலும் 1,80,000 ரூபாய் வேண்டும் என்பதைக் கடைசி வாரத்தில் உணர்ந்து வட்டிக்கு வாங்குபவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

முன்பணத்தை வாய்ப்பேச்சின் பேரில் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. வங்கி வழியே கொடுத்து, கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால், அது வில்லங்கத்தில் ஏறிவிடும். விற்பவர் இன்னொருவரிடம் விலை பேசினாலும், வில்லங்கம் பார்க்கும் அந்த இன்னொருவரின் கண்ணில் அது படும்.

கிரயம் முடிந்த மகிழ்ச்சியில் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, வாங்கிய பகுதியைத் தனி எண்ணாக உட்பிரிவு செய்து தம் பெயருக்குப் பட்டா மாற்றாமல் விட்டவர்கள், பின்னர் விற்கப் போகும்போது பழைய உரிமையாளரைத் தேடி அலைகிறார்கள். பதிவு முடிந்த அந்த வாரத்திலேயே விண்ணப்பித்து, நில அளவர் வரும் நாளில் பக்கத்து மனைக்காரரையும் அழைத்து வைத்துக்கொண்டு, நான்கு மூலைகளிலும் எல்லைக்கல் நட்டுவிட வேண்டும்.