வளர்த்த நாயைக் கைமாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசா வந்துவிட்டது, கொழும்புக்கு இடமாற்றம், புது வாடகை வீட்டில் நாய் கூடாதாம். காரணம் எதுவானாலும், திருகோணமலையில் பலரும் விடும் பெரிய பிழை, நாயைப் பற்றிக் கடைசிக் கிழமையில் யோசிப்பதுதான். அவசரத்தில் நின்றால் "சரி, விட்டிட்டுப் போங்கோ" என்று சொல்லும் முதல் ஆளிடமே கொடுத்துவிடுவீர்கள். பயணம் உறுதியான அன்றே தேடத் தொடங்குங்கள்.

கூடவே கொண்டுபோகலாமா என்று பார்ப்பதற்கும் அந்தக் கால அவகாசம் வேண்டும். பிரான்ஸ், ஜேர்மனி போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கென்றால் முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), பிறகு விசர்நோய்த் தடுப்பூசி, குறைந்தது 30 நாள் கழித்து அந்த ஊசி வேலை செய்ததா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதக் காத்திருப்பு. டிக்கெட் போட்ட பிறகு விசாரித்தால் ஒன்றும் நடக்காது.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதது, ஓட்டோவில் ஏற்றிப்போய் எங்கேயாவது இறக்கிவிடுவது. மீன் சந்தையடியில் தலை, குடல் கிடைக்கும், கோணேசர் கோயிலுக்கு வரும் சனம் ஏதாவது போடும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். கேற்றுக்குள் வளர்ந்த நாய்க்குத் தெருநாய்க் கூட்டத்தோடு மல்லுக்கட்டித் தின்னத் தெரியாது. கழுத்துப்பட்டி தேய்த்த அடையாளம் அப்படியே இருக்க, நிற்கிற ஒவ்வொரு ஓட்டோவுக்கும் ஓடிவந்து மணந்து பார்க்கும் நாயை உப்புவெளிப் பக்கம் பார்த்தால் நெஞ்சு பொறுக்காது. அந்தக் கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான்கள் வேறு திரிகின்றன. பசித்த நாய் அவற்றின் குட்டிகளை விட்டுவைக்குமா?

அப்போ யாரிடம் கேட்பது? உங்கள் வீட்டுக்கு வாடகைக்கு வருபவரிடமே முதலில் கேளுங்கள். வளவும் மாறாது, அவர்களுக்கும் காவல். இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் பூனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அடுத்து, நாய்க்கு ஏற்கெனவே பழக்கமான அயலவர், உறவினர். மிருக வைத்தியரிடமும் சொல்லி வையுங்கள். அண்மையில் நாயை இழந்த வீடுகள் அவருக்குத் தெரிந்திருக்கும். காப்பகங்கள் பெரும்பாலும் நிரம்பி வழிவதால் அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

குணத்தை மறைக்காதீர்கள். கோழி துரத்தும், சின்னப் பிள்ளைகளைக் கண்டால் உறுமும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கொடுத்த நாய் ஒரு மாதத்தில் றோட்டில் நிற்கும். பெட்டை நாயைக் கருத்தடை செய்யாமல் கொடுப்பதும் தவறு. குட்டி போடப் பயந்தே பலர் அதைத் துரத்திவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொடுங்கள்.

முகநூலில் "இலவசம்" என்று போட்டு, கேட்டவுடன் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். வீட்டைப் போய்ப் பாருங்கள்: மதில், நிழல், தண்ணீர், நாள் முழுக்கச் சங்கிலியா என்று. கொடுக்கும்போது அது படுத்த சாக்கைக் கழுவாமல் அனுப்புங்கள். முதல் இரண்டு கிழமை கேற்றைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடும். சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்க, ஊரில் நிற்கும் உறவினர் ஒருவரின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.